காருக்குள் கம்ப்யூட்டர் ஏன் வந்தது, அதை மாற்றுவது யார் கையில் இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், கார் ஸ்டார்ட் ஆகலை. ஈ.சி.எம். போயிடுச்சுன்னு சொல்றாங்க. இருபது வருஷத்து வண்டி. எடைக்குப் போட்டுடலாமா?" தனித்தனியாகச் சொன்ன பதிலை இங்கே சேர்த்து எழுதுகிறேன். அந்தப் பெட்டி காருக்குள் எதற்காக வந்தது என்று தெரிந்தால்தான், அது கெட்டுப்போனால் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரியும். வரலாறு சொல்லாமல் அறிவியல் நடத்த எனக்கு வராது என்பது என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஈ.சி.எம். என்பது (சிலர் ஈ.சி.யூ. என்பார்கள்) சின்ன டிபன் பாக்ஸ் அளவுள்ள ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே ஒரு சர்க்யூட் பலகை. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று முடிவு செய்வது அதுதான். 1970களில் விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் நின்ற வாடகைக் கார்கள் எதிலும் இப்படி ஒரு பெட்டி கிடையாது. பெரும்பாலும் அம்பாசடர். நடுவில் ஃபியட், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் வேலையைக் கார்ப்ரேட்டர் செய்தது. குறுகலான குழாய் வழியாகக் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும், அந்தக் குறைவு பெட்ரோலை ஜெட் வழியாக உறிஞ்சி எடுக்கும். பதினொன்றாம் வகுப்பில் படித்த பெர்னூலி தத்துவம்தான்.

தீப்பொறிக்கு டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் பாயிண்ட், கண்டென்சர். காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வார்கள். மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு குனிந்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு, கால் திருகு, அரைத் திருகு என்று சரிசெய்வார். அவர் படித்த பள்ளி பெரும்பாலும் இன்னொரு மெக்கானிக்கின் பட்டறைதான்.

அந்த முறையில் பெரிய வசதி ஒன்று இருந்தது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். குறையும் இருந்தது. கார்ப்ரேட்டருக்கு இன்று வெயிலா மழையா, வண்டி திண்டிவனம் சமவெளியில் ஓடுகிறதா ஊட்டி மலை ஏறுகிறதா என்று தெரியாது. மலை மேலே காற்று மெலிந்திருக்கும், ஆனாலும் அது பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். முழுதாக எரியாத பெட்ரோல் புகையாக வெளியேறும். நம் ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறொரு ஊரில் எடுத்துக்கொள்ளும்படி ஆயிற்று.

1943ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. அப்போது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான் விஷவாயு வீசிவிட்டதோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். டச்சுக்காரர், கலிஃபோர்னியாவில் பேராசிரியர். அன்னாசிப் பழத்தின் வாசனைக்கு என்ன வேதிப்பொருள் காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அதே திறமையை நகரத்துக் காற்றின் பக்கம் திருப்பினார். காரிலிருந்து வரும் எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சூரிய ஒளியில் சேர்ந்து ஓசோன் உண்டாக்குகின்றன, கண்ணையும் நுரையீரலையும் அரிப்பது அதுதான் என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். புகைமூட்டத்துக்கு விஷவாயு குண்டு காரணமில்லை, வீட்டு வாசலில் நிற்கும் கார்தான் காரணம் என்பது அப்படித் தெரியவந்தது. கார்க் கம்பெனிகள் அதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை.

1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கார்ப் புகையின் நச்சை 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. அதற்கு வந்த விடை கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சைலன்சர் குழாயின் நடுவே தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. நச்சுவாயுக்கள் அதன் மேல் படும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோல் நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகவும், நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜனாகவும் மாறும்.

இந்தக் கட்டி இரண்டு நிபந்தனைகள் போட்டது. இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

முதல் நிபந்தனை, பெட்ரோலில் ஈயம் இருக்கக்கூடாது. ஈயம் அந்தப் பூச்சின் மேல் படிந்து அதைச் சாகடித்துவிடும்.

இரண்டாவது நிபந்தனை, காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்த அளவை ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில்தான் அந்தக் கட்டி மூன்று நச்சுகளையும் ஒருசேர அழிக்கும். கொஞ்சம் பெட்ரோல் கூடினால் ஒன்று தப்பிவிடும், கொஞ்சம் காற்று கூடினால் இன்னொன்று தப்பிவிடும்.

முதல் நிபந்தனையை எண்ணெய்க் கம்பெனிகள் நிறைவேற்றலாம். இரண்டாவதை எந்த மெக்கானிக்கின் காதும் ஸ்க்ரூடிரைவரும் நிறைவேற்ற முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்றால் நொடிக்கு 50 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பெட்ரோல் வேண்டும், அதாவது நொடிக்கு 25 முறை. நான்கு சிலிண்டருக்கு நொடிக்கு 100 முறை. ஒவ்வொரு முறையும் அளந்து ஊற்றி, எரிந்த பிறகு புகையைச் சோதித்து, அடுத்த தடவை திருத்த வேண்டும். இதற்கு ஒரு கணக்குப்பிள்ளை எஞ்சினோடு கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்குப்பிள்ளை ஜெர்மனியிலிருந்து வந்தார். 1967இல் பாஷ் கம்பெனி டி-ஜெட்ரானிக் என்ற மின்னணு எரிபொருள் தெளிப்பு முறையைக் கொண்டுவந்து ஃபோக்ஸ்வேகன் காரில் பொருத்தியது. அது டிரான்சிஸ்டர்களால் ஆனது. 1971இல் மைக்ரோபிராசஸர் பிறந்தது. 1976இல் ஸ்வீடனின் வால்வோ காரில் ஆக்சிஜன் சென்சார் வந்தது. புகைக்குழாயில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று சொல்லும் மூக்கு அது. 1979இல் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக், பெட்ரோல் தெளிப்பையும் தீப்பொறியையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்து பி.எம்.டபிள்யூ. காரில் ஏறியது. இன்று நாம் ஈ.சி.எம். என்று சொல்வது அதன் பேரப்பிள்ளை.

ஆக, காருக்குள் கம்ப்யூட்டர் வந்தது ஆடம்பரத்துக்காக இல்லை. நம் நுரையீரலுக்காக. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தியாவுக்கு அது நீதிமன்றம் வழியாக வந்தது. டெல்லியின் வாகனப் புகையை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அது ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. அங்கே விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லி வட்டாரத்தில் பதிவாகும் கார்கள் அந்த ஆண்டு ஜூன் 1 முதல் யூரோ 1 விதியையும், 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ 2 விதியையும் நிறைவேற்ற வேண்டும் என்று கெடு வைத்தது. 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. 2001இல் பாரத் ஸ்டேஜ் 2 சென்னைக்கு வந்தது, 2005 ஏப்ரலில் நாடு முழுவதற்கும், நம் விழுப்புரம் மாவட்டம் உட்பட.

அந்த ஆண்டுகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 1999இல் மறைமலைநகரிலிருந்து ஐகான். 1983 முதல் கார்ப்ரேட்டரோடு ஓடிய மாருதி 800க்கும் 2000ஆம் ஆண்டையொட்டி மாற்றம் வந்தது. கார்களின் பின்பக்கம் 'எம்.பி.எஃப்.ஐ.' என்று பெருமையாக எழுத்து ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் முறை என்று அர்த்தம். அந்த நான்கு எழுத்துக்குப் பின்னால் ஒரு ஈ.சி.எம். உட்கார்ந்திருந்தது. காலையில் சோக் இழுக்கும் வேலை ஒழிந்தது. மைலேஜ் கூடியது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

பழைய 45ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில்தான் அந்தச் சந்தோஷம் இல்லை. கார்ப்ரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டியவர்கள், பானெட்டைத் திறந்ததும் ஒயர்களைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஸ்கேனர் இல்லாமல் அந்தப் பெட்டியோடு பேச முடியாது. ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும் இருந்தது. முப்பது வருடத் தொழில் அறிவு ஒரே தலைமுறையில் செல்லாக்காசு ஆகும் நிலை. சிலர் லாரிக்கும் டிராக்டருக்கும் மாறினார்கள். சிலர் தொழிலையே விட்டார்கள். சிலர் மட்டும் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பி மின்னணு வேலை கற்க வைத்தார்கள். அப்படிக் கற்றவர்களில் என் பழைய மாணவர் ஒருவர் திண்டிவனத்தில் பட்டறை வைத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

இனி புயலுக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை மீறியது. அரசூரில் நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் நிறுத்தியிருந்த கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் காரும் அதில் ஒன்று. 2003இல் வாங்கிய பெட்ரோல் கார், டி.என். 32 பதிவு. எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை. மாதம் ஒருமுறை என் மனைவியை ஜிப்மருக்கு அழைத்துப்போவது அந்த வண்டியில்தான். பஸ் ஏறி இறங்க அவரால் முடியாது.

தண்ணீர் இருக்கை மட்டம் வரை வரவில்லை, கால் வைக்கும் இடத்தோடு நின்றது. ஆனால் அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஈ.சி.எம். டாஷ்போர்டுக்குக் கீழே, கால் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் காரிலும் அப்படித்தான். தண்ணீர் வடிந்து, காயவைத்து, மெக்கானிக் பார்த்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனது. பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் நின்றது. சற்று ஆறவிட்டால் ஓடும், மறுபடி நிற்கும்.

பத்து நாள் கழித்து ஏன்? சாவி போடாவிட்டாலும் நினைவைக் காக்க ஈ.சி.எம்.முக்கு பேட்டரியிலிருந்து எப்போதும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஈரம், உப்பு, மின்சாரம், செம்பு நான்கும் சேர்ந்தால் என்ன நடக்கும்? காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு தகட்டை வைத்து மின்னாற்பகுப்பு செய்து காட்டினேனே, அதேதான் அந்தப் பலகையிலும் நடக்கிறது. தலைமுடி போன்ற செம்புக் கோடுகள் மெல்ல மெல்லக் கரையும். தண்ணீர் வடிந்த பிறகும் உள்ளே தங்கிய ஈரத்தில் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். "ஈ.சி.எம். போயிடுச்சு சார். ஆர்டர் போடணும். வருமா, எப்போ வரும்னு சொல்ல முடியாது" என்றார்கள். வந்தால் ஆகும் விலையையும் சொன்னார்கள். அது அந்தக் காரை விற்றால் கிடைக்கும் தொகையில் பாதிக்கு மேல். "எக்ஸ்சேஞ்சுல புது வண்டி எடுத்துடுங்களேன்" என்பதும் கூடவே வந்தது. ஓய்வூதியக்காரனுக்குப் புது வண்டி என்பது சுலபமான யோசனை இல்லை.

வண்டியைக் கட்டி இழுத்துத் திண்டிவனம் கொண்டுபோனோம். என் மாணவர் முதல் அரை நாள் ஈ.சி.எம்.மைத் தொடவே இல்லை. "சார், இதுதான் கடைசியாச் சந்தேகப்பட வேண்டிய ஆளு. முதல்ல அதுக்குச் சோறு போகுதான்னு பார்ப்போம்" என்றார். பேட்டரி வோல்டேஜ் பார்த்தார். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனை துருப்பிடித்திருந்தது. சுரண்டி மாட்டினார். ஃப்யூஸ், ரிலே, ஒயரிங்கில் எலி கடித்த இடம் எல்லாம் பார்த்தார். பிறகு சென்சார்களுக்கு ஈ.சி.எம். தரும் 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்தார். சில நேரம் வரவில்லை. ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு சென்சாராகக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் 5 வோல்ட் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் "உள்ளதான் கோளாறு" என்று பெட்டியைத் திறந்தார். பலகையின் ஓரத்தில் பச்சைப் பூச்சு, பாசி பிடித்தது போல. இரண்டு கோடுகள் கரைந்து அறுந்திருந்தன, ஒரு சிப்பின் கால்களும் போயிருந்தன. இதைச் சாலிடர் வைத்து ஓட்டினால் நடுவழியில் விட்டுவிடும், மாற்றுவதே நல்லது என்றார்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஈ.சி.எம்.மை மாற்றுவது பல்பு மாற்றுவது போல் இல்லை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் வேறு வேறு கணக்கு எழுதியிருக்கும். மேலே ஒட்டியிருக்கும் பாக எண் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்கள் கிடைக்கும். அங்கிருந்து முதலில் வந்த பெட்டியில் கடைசி இரண்டு எழுத்து வேறாக இருந்தது. அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டியுடையது. திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவதாக வந்தது சரியாக இருந்தது. பில்லோடு வாங்கினோம்.

அடுத்த தடை சாவி. 2000க்குப் பிறகு வந்த பல கார்களில் திருட்டைத் தடுக்க இம்மொபிலைசர் உண்டு. சாவிக்குள் இருக்கும் சின்னச் சிப்பின் ரகசிய எண்ணும் ஈ.சி.எம்.முக்குள் இருக்கும் எண்ணும் பொருந்தினால்தான் பெட்ரோல் வரும். வேறொரு காரின் பெட்டி நம் சாவியை அடையாளம் தெரிந்துகொள்ளாது. எங்கள் பழைய பலகையில் எட்டுக் கால் கொண்ட நினைவுச் சிப் நல்லவேளையாகப் பிழைத்திருந்தது. அதிலிருந்த தகவலைப் படித்து, வந்த பெட்டியின் சிப்பில் எழுதினார். கார் எங்களுடையது, ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே எழுதினார். இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டே செய்ய வேண்டும்.

மாட்டியதும் எஞ்சின் ஐடிலிங்கில் ஏறி இறங்கி மூச்சு வாங்கியது. "புது வாத்தியார் சார், வகுப்பைப் புரிஞ்சுக்கக் கொஞ்ச நேரம் ஆகும்" என்று சிரித்தார். உண்மைதான். எஞ்சினின் தேய்மானத்துக்கு ஏற்ப ஈ.சி.எம். தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும். கால் மணி நேரத்தில் அடங்கியது. பிறகு பெட்டியை இன்னும் மேலே, தண்ணீர் எட்டாத இடத்தில் பிடித்துக் கட்டினார். மொத்தச் செலவு, புதியதற்குச் சொன்ன விலையில் கால் பங்கு. அந்த மாதமும் ஜிப்மர் போய் வந்தோம்.

இதற்கிடையில் வேறொருவர் எனக்குச் சொன்ன யோசனையையும் எழுத வேண்டும். "ஈ.சி.எம்., இன்ஜெக்டர் எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் பழைய கார்ப்ரேட்டர் ஒண்ணை மாட்டிடலாம். எந்தத் தொல்லையும் இல்லை." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முன்னே சொன்ன 14.7ஐ நினைத்துப் பாருங்கள். கார்ப்ரேட்டர் அந்த இடைவெளியில் நிற்காது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வீணாகும், கார் தன் புகையை மறுபடி தெருவில் கக்கும். பதினைந்து ஆண்டு வழக்கு நடத்தி வாங்கிய காற்றை, ஒரு பெட்டியின் விலைக்காக விட்டுக்கொடுக்கக்கூடாது. பெட்டி கெட்டால் அதற்கு விடை பெட்டியைப் பழுதுபார்க்கும் அறிவுதான்.

அந்த அறிவு யாருக்குச் சொந்தம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி 16 முனை கொண்ட சாக்கெட்டும், பொதுவான கோளாறு எண்களும் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் எந்த மெக்கானிக்கும் ஒரே ஸ்கேனரை மாட்டி அடிப்படைக் கோளாறுகளைப் படிக்கலாம். இந்தியாவில் அந்த இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு கம்பெனியும் தன் பாஷையில் பேசிக்கொண்டிருந்தது. நம் 2003 மாடல் காருக்கு நேர்ந்த சங்கடத்தில் பாதி இதனால்தான்.

மறுபாதி பாகங்களைப் பற்றியது. உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் கார்க் கம்பெனிகள் வெளிச்சந்தைக்கு விடாமல் வைத்திருக்கின்றன என்று 2011இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தார். விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தனியார் பட்டறைகளுக்கும் பாகங்களும் கருவிகளும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் வண்டி வாங்கியவனுக்கு, விரும்பிய இடத்தில் அதைப் பழுதுபார்க்கும் உரிமை உண்டு என்ற பேச்சு நம் நாட்டில் சட்டத்தின் மேடையில் ஏறியது அப்போதுதான். 2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது.

ஆக, ஒரு நீதிமன்றம் அந்தப் பெட்டியைக் காருக்குள் வைத்தது. இன்னொரு மன்றம் அதைத் திறக்கும் உரிமையைப் பற்றிப் பேசியது. இரண்டு தீர்ப்பும் டெல்லியில்தான் வந்தன. அவை நமக்குப் பயன்படுவதும் படாததும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருக்கும் பட்டறைகளின் கையில் இருக்கிறது. உத்தரவு இருந்தும் வேலை தெரிந்த ஆள் ஊரில் இல்லை என்றால், இருபது வருட வண்டி எடைக்குத்தான் போகும்.

இது கார் வைத்திருப்பவர்களின் கவலை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு, நீங்கள் வாங்கும் பெரும்பாலான பெட்ரோல் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களிலும் கார்ப்ரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதாவது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் இருசக்கர வண்டியிலும் ஒரு ஈ.சி.எம். இருக்கிறது. பத்து வருடம் கழித்து அதே கேள்வி உங்களிடமும் வரும்.

எனவே சில வேண்டுகோள்கள்.

வண்டி தண்ணீரில் நின்றால் சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள். தண்ணீர் வரும் முன்பே முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். வண்டியில் வெல்டிங் வைக்கும் முன்பும் அப்படியே.

"ஈ.சி.எம். போச்சு" என்று யார் சொன்னாலும், "எர்த் பார்த்தீங்களா? ஃப்யூஸ், ரிலே பார்த்தீங்களா? 5 வோல்ட் வருதா?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாதவர் சொல்லும் விலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பாக எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள். பில் வாங்குங்கள். பழைய பெட்டியைத் தூக்கி எறிய விடாதீர்கள், உங்கள் சாவியின் எண் அதற்குள்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும் புகைச் சோதனை செய்து பாருங்கள். அந்தப் பெட்டி வந்த காரணமே அதுதானே.

நம் மாவட்டத்து ஐ.டி.ஐ.களில் படிக்கும், அங்கே சொல்லிக்கொடுக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு மல்டிமீட்டர் பிடிக்கவும், சர்க்யூட் படம் படிக்கவும், நுணுக்கமாகச் சாலிடர் வைக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஸ்கேனர் கோளாறு எண்ணை மட்டும்தான் காட்டும். அந்த எண் ஏன் வந்தது என்று யோசிக்கிறவன்தான் மெக்கானிக்.

உங்கள் ஊரில் இந்த வேலை நன்றாகத் தெரிந்த பட்டறை இருந்தால், ஊரும் தெருவும் போட்டுக் கீழே எழுதுங்கள். புயலில் வண்டியை நிறுத்திவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படும்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் ஆசிரியர்